மூன்றாம் பாகத்துக்கு ஒரு கடைசி வரி

மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று கேட்டவர்கள் மீதெல்லாம் எனக்கு அந்த வருஷம் கொலைவெறி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பெரியவர்கள் கேட்டால், "வரும்போது வரும்ங்க, பிரசவமா என்ன, தேதி குறிக்கறதுக்கு?" என்று எரிந்து விழுவேன். சென்னையிலிருந்து பதிப்பாளர் கேட்டால் மட்டும் குரல் தானாகக் குழைந்துவிடும். "கடைசி அத்தியாயம்தான் சார், இந்த மாசம் முடிஞ்சிடும்" என்று ஒரே பொய்யை நாலு மாதமாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருபத்தொன்பது அத்தியாயம் எழுதி முப்பதாவதில் நின்றுபோயிருந்தேன். கற்பனை வற்றிவிட்டது என்று வீட்டுக்காரர் நினைத்தார். அவருக்கென்ன தெரியும்? என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. பிளஸ் டூ முடித்தாயிற்று. ஜூன் மாதம் கோயம்புத்தூரில் கல்லூரி, விடுதி. அதற்குள் அந்த முப்பதாவது அத்தியாயத்தை அவள் நம்பும்படி எழுதி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இப்படியே வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அப்படிப் போகிற பெண் அப்புறம் லீவுக்கு வந்தாலும் விருந்தாளியாகத்தான் வருவாள். அந்தப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை கதை, பத்திலிருந்து ஆறு வரை மனுக்கள். எழுதியது பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான மாயக் கதை, மூன்று பாகம். ஒரு மலை. மலைக்குள்ளே ஊருக்கெல்லாம் நெருப்புக் கொடுக்கிற ஒரு சுடர். மலையைச் சுற்றி எட்டுக் கதவுகள். சுடர் அணைந்துவிடுகிறது. பதின்மூன்று வயது அக்காவும் ஏழு வயதுத் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு மலையைச் சுற்றி வருகிறார்கள். ஆறாவது கதவில் தங்கையின் கை நழுவிப்போகிறது. கதவு மூடிக்கொள்கிறது. தங்கை உள்ளே, அக்கா வெளியே. இரண்டாம் பாகம் அங்கே முடிகிறது. அந்தத் தங்கை மீண்டாளா இல்லையா என்பதுதான் மூன்றாம் பாகம்.

அந்தக் கை நழுவுகிற இடத்தை ஒரே மூச்சில் எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள். தங்கை மூன்று தரம் "அக்கா" என்று கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும் அக்கா ஓர் அடி முன்னால் எடுத்து வைக்கிறாள். "எப்படி மேடம் இப்படி எழுதறீங்க, நெஞ்சை அறுக்குது" என்றார் பதிப்பாளர். "தானா வந்துது சார்" என்றேன். எழுதும்போது எனக்கே தெரியாது என்று சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகத் தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. எனக்குத் தெற்கே ஒரு ஊரில் வேலை, இங்கிருந்து பத்து மணி நேரப் பயணம். பிள்ளை அப்பாவோடு இங்கே. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புவேன். பஸ் ஏறும்போது அவள் அழுகிற அழுகையைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. டிரான்ஸ்பருக்கு எத்தனையோ மனு போட்டேன். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் ஒரு வேண்டுதல் வைத்தேன். ஒன்பது பௌர்ணமி, ஒன்றுகூட விடாமல், செருப்பில்லாமல் கிரிவலம். சொந்த ஊருக்கே மாற்றல் கொடு, பிள்ளையோடு இருக்கிறேன் என்று.

எட்டு பௌர்ணமி முடித்துவிட்டேன். லீவு போட்டு, சண்டை போட்டு, காய்ச்சலோடு ஒரு தரம். ஒன்பதாவதுக்குக் கிளம்பும்போது மகள் காலைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருக்கிறார். பௌர்ணமி என்றால் ராத்திரி முழுக்க டியூட்டி, அவருக்கு வீடே கிடையாது. சரி வாடி என்று கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மணிக்கு ராஜகோபுரத்தில் ஆரம்பித்தோம். செங்கம் ரோடு முழுக்கத் தாவித் தாவி வந்தாள். அடி அண்ணாமலை வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பஜனைக் கோஷ்டி குறுக்கே புகுந்தது. கை விட்டுப்போயிற்று.

பின்னாலிருந்து "அம்மா" என்று கேட்டது. நான் நின்றேன். உடம்பு பாதி திரும்பிவிட்டது. பக்கத்தில் வந்த ஓர் அம்மாள் என் தோளைப் பிடித்து நேராக்கினார். "திரும்பாதம்மா! மலைய இடது கைப் பக்கம் வெச்சு ஒரு அடி கூட நடக்கக் கூடாது. சுத்து கெட்டுப்போயிடும். முன்னாடி போலீஸ் பூத் இருக்குது, மைக்ல சொல்லுவாங்க, போ." ஒன்பதாவது சுற்று, எட்டு பௌர்ணமியும் வீணாகிவிடுமே என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடிதான். மறுபடி "அம்மா" என்று கேட்டது. நான் முன்னால் நடந்தேன். மூன்றாவது தரமும் கேட்டது. பத்தடி. சத்தியமாகப் பத்தடிக்கு மேல் இருக்காது. நசுங்கிச் சாகிற கூட்டமும் இல்லை. எதிரே நடந்திருந்தால் நாலு பேர் முறைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பூத்தில் சொன்னேன். மைக்கில் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரு போலீஸ்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் வாரி எடுத்துக்கொண்டு, "திரும்பி வந்து எங்கெல்லாம் தேடினேன் தெரியுமாடி கண்ணு, அந்த எடம் பூரா கடை கடையாத் தேடினேன்" என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மீதிச் சுற்றையும் முடித்தேன். இரண்டாவது மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வேன். சொல்லச் சொல்லக் கடைகள் கூடிக்கொண்டே போயின. தேங்காய்க் கடை, பொரிக் கடை, வளையல் கடை. பத்து வருஷத்தில் நான் தேடாத கடையே அந்த ஊரில் இல்லை.

முதல் பாகத்தை மகள் கையெழுத்துப் பிரதியிலேயே படித்தாள். அத்தியாயம் அத்தியாயமாகப் பிடுங்கிக்கொண்டு போவாள், ஓரத்தில் பென்சிலால் "போர்" என்று எழுதுவாள். இரண்டாம் பாகத்தை நான் அச்சான பிறகுதான் அவள் கண்ணில் காட்டினேன். நான் திருடி என்பதற்கு அது போதாதா அடையாளம்? புத்தகம் வந்த மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம்மா, அன்னிக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"என்னிக்குடி?"

"அடி அண்ணாமலைல."

கையில் கரண்டி நின்றுவிட்டது. அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "உளறாத. அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? இது கதை" என்றேன். தோசை கருகுகிற வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவளே வெளியே போனாள்.

அன்றிலிருந்து "வேணும்", "வேணாம்", "போறேன்" இந்த மூன்று வார்த்தைதான். கோபமாகக் கத்தினால்கூடத் தாங்கலாம். மரியாதையாக இருந்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். "எக்ஸாம் டென்ஷன், விடும்மா" என்றார் வீட்டுக்காரர். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும்தானே பத்து வருஷமாக அந்தக் கடை கடையாகத் தேடிய கதையைக் கேட்டுக் கண் கலங்கினவர்.

இந்த நிலையில் சென்னையில் ஒரு நூலகத்தில் பிள்ளைகளோடு சந்திப்பு என்று பதிப்பாளர் இழுத்துக்கொண்டு போனார். பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண், பதினோரு வயது இருக்கும், கையைத் தூக்கினாள்.

"மிஸ், அந்த அக்கா ஏன் திரும்பி வரல? மூணு அடிதானே? கதவு மூடறதுக்குள்ள வந்திருக்கலாமே?"

"அந்தப் பாதையில யாரும் திரும்பக் கூடாதும்மா" என்றேன்.

"யார் சொன்னா?"

"அது அந்த உலகத்தோட விதி."

"எந்தப் பக்கத்துல மிஸ் இருக்கு? நான் ரெண்டு பார்ட்டும் மூணு தரம் படிச்சிட்டேன். எங்கயும் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, தேடிச் சொல்றேன் என்று சமாளித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு புத்தகத்தையும் மடியில் வைத்து வரி வரியாகத் தேடினேன். செஞ்சி தாண்டும்போது தேடி முடித்துவிட்டேன். இல்லை. மந்திரக் கல்லுக்கு விதி எழுதியிருக்கிறேன், பேசும் ஆந்தைக்கு விதி எழுதியிருக்கிறேன், சுடரை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். திரும்பக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. மலை வலது கைப் பக்கம் இருக்கும், ஜனம் முன்னால் போகும், அவ்வளவுதான் உலகம். வெளியூர்ப் பிள்ளைக்கு அது ஓட்டையாகத் தெரிகிறது. அவள் கேட்டதில் என்ன தப்பு?

பதிப்பாளருக்கு அது பெரிய விஷயமே இல்லை. "மறுபதிப்புல ஒரு வரி சேர்த்துடலாம் மேடம். 'திரும்பினால் கல்லாவார்கள்'னு ஒரு கல்வெட்டு மாதிரி. முடிஞ்சுது." நானும் சேர்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கை ஓடவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? கல்லாகியிருப்பேனா? அந்த அம்மாள் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். கேட்க எனக்கு வசதியாக இருந்தது. அவ்வளவுதான் அந்த விதி.

ஆனாலும் முடிவு எழுதியாக வேண்டுமே. எழுதினேன். முதல் முடிவில் அக்கா நிற்காமல் ஏழாவது கதவு, எட்டாவது கதவு எல்லாம் திறந்து, முழு மலையையும் சுற்றி, மறுபடி ஆறாவது கதவுக்கு வருகிறாள். கதவு திறக்கிறது. தங்கை ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். சுடர் பற்றுகிறது. ஊரெல்லாம் கொண்டாட்டம். பதிப்பாளர் போனில் மூக்கை உறிஞ்சினார். "கண்ல தண்ணி வந்துடுச்சு மேடம். இதான் மேடம் பசங்களுக்கு வேணும், திருப்தியான முடிவு." அந்தத் தைரியத்தில் அச்செடுத்து மகளின் மேஜையில் வைத்தேன்.

மறுநாள் காலையில் தாள்களை என்னிடம் நீட்டினாள். "நல்லா இருக்கு. எல்லாருக்கும் பிடிக்கும்" என்றாள்.

எட்டு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்குப் பிடிக்குமே என்று சேமியா பாயசம் வைக்கப் பாலை அடுப்பில் ஏற்றினேன். பால் காய்வதற்குள் உறைத்துவிட்டது. எல்லாருக்கும் என்று சொன்னாளே தவிர, எனக்கு என்று சொல்லவில்லை. அவளை விட்டுவிட்டு முழு மலையையும் சுற்றி முடித்த ஒரு பொம்பளைக்குத் திருவிழா எடுத்து வைத்திருக்கிறேன், அதை அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதை அச்சுக்கு அனுப்பாதீர்கள், மாற்றித் தருகிறேன் என்று பதிப்பாளரிடம் சொன்னேன்.

இரண்டாவது முடிவில் தங்கைக்கு எல்லாம் மறந்துபோகிறது. கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் அக்கா தன்னையே கல்லாக்கிக்கொண்டு தங்கையை வெளியே அனுப்புகிறாள். வீட்டுக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கொழந்தைங்க புக்குல எதுக்கு ஒப்பாரி?" என்றார். கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரி. நான்காவதில் தங்கை உள்ளே ராணியாகிவிடுகிறாள், வந்து நின்ற அக்காவை மன்னிக்கிறாள். மன்னிக்கிறாள் என்றால் லேசாக இல்லை, ஒன்றரைப் பக்கத்துக்கு மன்னிக்கிறாள். எழுதி முடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. எனக்கு வேண்டிய மன்னிப்பை நானே எழுதி, அதை அந்தக் குழந்தை வாயில் திணித்து, நானே வாங்கிக்கொள்கிறேன். சீ என்றாகிவிட்டது.

மே மாதக் கடைசி வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்தால் அவள் துணி மடித்து அடுக்குகிற சத்தம் கேட்கிறது என்று, ஒரு சனிக்கிழமை ரமணாசிரமம் பக்கம் ஒரு காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். எதிர் மேஜையில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடிச் சாந்த சொரூபியாக இருந்தார். அவரைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊரிலிருந்தோ வந்து இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், இங்கேயே பிறந்தவளுக்குப் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. மூன்று மணி நேரத்தில் மூன்று காப்பி குடித்தேன், ஒரு வரி எழுதவில்லை. ஐயோ கடவுளே, அவள் போகப்போகிறாள், போகப்போகிறாள் என்று மனசு அடித்துக்கொண்டதே தவிர வேறு ஒன்றும் ஓடவில்லை. நோட்டை மூடிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

அவள் அறையில் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவருகிலேயே நின்று, "கேட்டுச்சு" என்றேன்.

"என்ன?"

"நீ கூப்பிட்டது. மூணு தரம் கூப்பிட்ட. மூணும் கேட்டுச்சு. பத்தடி கூட இருக்காது. நான் திரும்பல. எங்கயும் தேடல. நேரா நடந்து போய் பூத்துல உக்காந்துட்டேன்."

வேண்டுதலையும் சொன்னேன். ஒன்பதாவது சுற்று என்றேன், உன்னோடு இருக்கத்தான் வேண்டினேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. அவள் ஒரு சுடிதாரை மடித்து முடித்தாள்.

"டிரான்ஸ்பர் கெடச்சுதுல்ல?"

"கெடச்சுது."

"அப்ப சரி."

"அப்படிச் சொல்லாதடி. திட்டு. ரெண்டு அடி வேணா அடி."

"என்னத்த திட்டறது?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "கடை கடையாத் தேடினன்னு சொன்னியே. அத நான் என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேம்மா. எங்கம்மா அவ்ளோ கூட்டத்துல எதுத்து வந்து என்னைத் தேடினாங்கன்னு. எட்டாவதுல 'என் தாய்'னு கட்டுரை எழுதச் சொன்னாங்க, அதான் எழுதினேன். ப்ரைஸா ஒரு டப்பா குடுத்தாங்க. அந்த டப்பால இன்னும் டீத்தூள் போட்டு வெச்சிருக்க நீ."

அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கூப்பிட்டது கேட்டுச்சு, திரும்பல. அதக்கூட விட்டுடலாம்" என்றாள். "அந்த ரெண்டு மணி நேரம் நான் என்ன பண்ணேன்னு நீ ஒரு நாளாவது கேட்டிருக்கியா? பத்து வருஷமா நீ என்ன பண்ணன்னே சொல்லிக்கிட்டிருக்க. அதுவும் பொய்."

உண்மைதான். ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. கேட்டால் என்ன வரும் என்ற பயம்.

"என்ன பண்ண கண்ணு?" என்றேன்.

"இப்ப சொல்ல மாட்டேன்" என்று பெட்டியை மூடினாள்.

மறுநாள் காலையில் முப்பதாவது அத்தியாயத்தை எழுதினேன். இரண்டே பக்கம். திருவிழா கிடையாது, ராணி கிடையாது. அக்கா வந்து நிற்கிறாள், கதவு திறக்கிறது, தங்கை கேட்கிறாள்: "நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டதா?" அக்கா சொல்கிறாள்: "கேட்டது." அதற்குப் பிறகு எனக்கு எழுத வரவில்லை. நான்கைந்து தரம் தங்கையைப் பேச வைக்கப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

அவள் கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டில் அந்த இரண்டு தாளைக் கொடுத்தேன். வீட்டுக்காரர் பெட்டியை மேலே ஏற்ற கண்டக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்தாள். நான் வெளியே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

"தங்கச்சி என்ன சொல்றா?"

"எனக்குத் தெரியலடி."

தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் தெரியல. தெரிஞ்சா சொல்றேன். அதுவரைக்கும் இத அனுப்பாத" என்றாள். பஸ் நகர்ந்தபோது அப்பாவுக்குக் கை காட்டினாள். என்னைப் பார்த்தாள், கை காட்டவில்லை.

பதிப்பாளர் விளம்பரம் போட்டாயிற்று, பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, அட்டை அச்சாகிவிட்டது. ஜூலையில் தினம் ஒரு போன். கடைசியில் நான், "தங்கச்சி இன்னும் பதில் சொல்லல சார்" என்றேன்.

"எந்தத் தங்கச்சி மேடம்?"

"கதையில வர்ற தங்கச்சி."

"மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் முடிவையே போட்டுவிடப் போகிறேன் என்றார். போட்டால் என் பெயரை எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று நானும் கத்தினேன். போனை வைத்தேன். பத்து வருஷமாக எழுதிச் சேர்த்த பெயர், அது போனாலும் போகட்டும் என்று எனக்குத் துணிச்சல் ஒன்றும் இல்லை. பயந்து செத்தேன். ஆனால் அனுப்பாதே என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் போன் செய்வாள். நான் அடுப்படியில் நின்று அவர் பேசுவதிலிருந்து அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கூட்டிப் பார்த்துக்கொள்வேன். சாப்பாடு சுமார், கொசு ஜாஸ்தி, கணக்குப் பாடம் புரியவில்லை. ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரில் நான் அவளுடைய மேஜையைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். துடைக்கும்போதெல்லாம் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுகிறேன் என்பதால்.

ஒரு திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். அலுவலகம் திமிலோகப்பட்டது. பட்டாவில் அப்பா பெயர் தப்பாக இருக்கிறது என்று ஒரு விவசாயி என் எதிரே உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது, அவள் எண். இந்த நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறாளே, என்ன ஆயிற்றோ என்று பதறி எடுத்தேன்.

"ம்மா, பேப்பர் இருக்கா?"

"இருக்கு, சொல்லு. என்னடி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. எழுதிக்கோ. தங்கச்சி சொல்றா: 'அக்கா, நீ போகும்போது நான் பின்னாடி நின்னு பாத்தேன். நீ கண்ணத் தொடச்சிக்கிட்டே போன.' எழுதிட்டியா?"

எழுதவில்லை. பேனா தாளின் மேலே நின்றுகொண்டிருந்தது. கண்ணை மூடி அந்தச் சாயங்காலத்தை எத்தனையாவது தரமாகவோ பார்த்தேன். அழுதேனா நான்? அப்படியே எழுதிக்கொண்டு, ஆமாம்டி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். புத்தகம் வந்துவிடும், மகளும் வந்துவிடுவாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நான் அழலடி" என்றேன். "பூத்துக்குப் போற வரைக்கும் எனக்கு அழுகையே வரல. வேர்வையைத் தொடச்சிருப்பேன்."

எதிரே இருந்த விவசாயி மனுவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் கண்ணிலிருந்து அதன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு, கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"முகம் எனக்குத் தெரியல, கைதான் தெரிஞ்சுது" என்றாள் மகள். "அழறன்னு நெனச்சேன். அந்த ரெண்டு மணி நேரமும், அம்மா அழுதுக்கிட்டே எங்கயோ போறா, அவளுக்கு யாரும் இல்லன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். நான் பண்ணது அதாம்மா. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.